கணிதம், வான்வெளிப் பொறியியல், நுண்ணங்கி மின்சாரம்: திருகோணமலையிலிருந்து ஆய்வுப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முறை

நான் ஆய்வுப் பட்டத்துக்கு விண்ணப்பித்த முதல் வருடம் தகப்பனாரின் பெயரிலிருந்த ஓர் ஆங்கில எழுத்தினால் வீணாயிற்று. கடவுச்சீட்டில் அந்தப் பெயர் ஒரு விதமாகவும், பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. பட்டச் சான்றிதழிலோ அது விரிவே இல்லாமல் முதலெழுத்தாக நின்றது. மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று நான் நிறுவி முடிப்பதற்குள் புலமைப்பரிசிலின் இறுதித் திகதி கடந்துவிட்டது.

என்னோடு படித்த நண்பர் ஒருவர் கணிதத்துக்கும், ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் வான்வெளிப் பொறியியலுக்கும், நான் நுண்ணங்கிகளிலிருந்து மின்சாரம் பெறும் துறைக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விண்ணப்பித்தோம். மூவரும் இடறிய இடங்கள் வேறு வேறு. அவற்றை அறிந்துகொண்டு தொடங்கினால் உங்களுக்கு ஒரு வருடமாவது மிஞ்சும் என்பதனால் இதை எழுதுகிறேன். கீழே வரும் கட்டணங்கள் அண்மைக்கால நிலவரப்படியானவை. பணம் கட்டும் நாளில் உரிய நிறுவனத்தின் இணையத்தளத்தில் மீண்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் பட்டம் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்

இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், முதுதத்துவமாணி 11ஆம் மட்டம், கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம். முழுநேரமாகச் செய்தால் முதுதத்துவமாணிக்குக் குறைந்தது 2 வருடங்களும் கலாநிதிப் பட்டத்துக்குக் குறைந்தது 3 வருடங்களும் தேவை. மூன்று வருடப் பொதுப் பட்டம் பெற்றவர் நேரே கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலான இடங்களில் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடுவார். அவர் ஆய்வுப் பகுதி உள்ள முதுமாணி ஒன்றை முதலில் முடிப்பது நல்லது. பாடங்களை மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டத்தையும், ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டத்தையும் சேர்ந்தவை. இந்த ஒரு படி வித்தியாசம் பின்னர் பெரிதாகக் கேட்கப்படும் என்பதால், பேராதனையில் உள்ள விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவகத்திலோ வேறெங்கோ பதிவதற்கு முன்னர் அது எந்த மட்டம் என்று கேட்டறியுங்கள்.

நாட்டுக்கு நாடு எதிர்பார்ப்பும் மாறும். அமெரிக்காவில் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேரே கலாநிதிப் படிப்பில் சேரலாம். ஜேர்மனியில் பொதுவாக முதுமாணிப் பட்டம் கேட்பார்கள். சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்பு எடுத்த நண்பருக்கே அங்கே கதவு திறக்கவில்லை.

கணிதத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் இன்னொரு வழியையும் அறிந்திருக்க வேண்டும். இத்தாலியின் திரியெஸ்த் நகரிலுள்ள அப்துஸ் சலாம் சர்வதேச கோட்பாட்டுப் பௌதிகவியல் மையம், வளர்ந்துவரும் நாடுகளின் மாணவர்களுக்காகக் கணிதம் உட்படச் சில துறைகளில் ஒரு வருடப் பட்டப்பின் டிப்ளோமா ஒன்றை நடத்துகிறது. படிப்புக் கட்டணம் இல்லை, வாழ்க்கைச் செலவுக்கும் உதவித்தொகை உண்டு. கலாநிதிப் படிப்புக்கு ஆயத்தமாக இதைவிடப் பொருத்தமான பாலம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

2. விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு சிறு வேலையைச் செய்து முடியுங்கள்

பெறுபேற்றுத் தாளை மட்டும் நம்பி விண்ணப்பிக்காதீர்கள். நீங்களாகச் செய்த ஒரு சிறு வேலை, அது பத்துப் பக்கமே ஆனாலும், பேராசிரியரை உங்கள் பெயரில் ஒரு நிமிடம் அதிகமாக நிற்கச் செய்யும். மூன்று துறைக்கும் அந்த வேலை மூன்று விதமானது.

கணிதத்துக்குச் செலவே இல்லை. ஒரு தரமான பாடநூலின் ஓர் அதிகாரத்தைப் பயிற்சிகளோடு முழுமையாக முடித்து, அதில் ஒரு தேற்றத்தைச் சுற்றி உங்கள் சொந்த விளக்கத்தில், நிறுவல்களில் ஓட்டை இல்லாமல், கணிதக் குறியீடுகளை ஒழுங்காக அச்சிடும் லேட்டெக் மென்பொருளில் ஒரு கட்டுரை எழுதுங்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேட ஆர்க்கைவ் (arXiv) இணையக் களஞ்சியமும், 2021 முதல் இலவசமாகத் திறக்கப்பட்டுள்ள சென்ட்ரல்பிளாட் (zbMATH Open) தரவுத்தளமும் போதும். ஆர்க்கைவில் நீங்களே கட்டுரை ஏற்றப் புதியவர்களுக்கு ஏற்கெனவே எழுதியவர் ஒருவரின் ஒப்புதல் தேவைப்படும்; அதற்காக அலைய வேண்டாம், கோப்பாக அனுப்பினாலே போதும்.

வான்வெளிப் பொறியியலில், மாதிரிகளின் மேல் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் இல்லையே என்று மனம் தளராதீர்கள். ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியல் இருக்கிறது. ஆனாலும் இங்கிருந்து போகிறவர்களில் பலர் இயந்திரப் பொறியியல் படித்தவர்களே. தம்பி செய்தது இது: ஓப்பன்ஃபோம் என்ற இலவச மென்பொருளில், நாகா 0012 என்ற சமச்சீரான இறக்கை வெட்டுமுகத்தின் மீது காற்று பாயும் விதத்தைக் கணித்து, நாசா பொதுவில் வைத்திருக்கும் ஒப்பீட்டுத் தரவுகளோடு தன் விடையைப் பொருத்திப் பார்த்தான். கணிப்புக்காகக் காற்றுவெளியைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலைப்பின்னலை மூன்று அளவுகளில் நுணுக்கமாக்கி, விடை மாறாமல் நிற்கிறது என்று காட்டிய ஒரே ஒரு வரைபடம்தான் அவனுக்கு நேர்காணலைப் பெற்றுத் தந்தது. வண்ணப் படங்கள் எவரையும் நம்ப வைப்பதில்லை; வலைச் சோதனை நம்ப வைக்கும். ட்ரோன் பறக்கவிட்டுத் தரவு எடுக்க நினைப்பவர்கள், துறைமுகமும் கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத் தளமும் உள்ள ஊர் இது என்பதை மறக்கக் கூடாது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி கையில் இல்லாமல் எதையும் மேலே அனுப்பாதீர்கள்.

நுண்ணங்கித் துறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் நான்கு மாதத் தரவைக் குப்பையில் போட்டது இங்கேதான். ஜியோபாக்டர், ஷீவனெல்லா போன்ற பற்றீரியாக்கள், ஒட்சிசன் இல்லாத சேற்றில் சேதனப் பொருளை உடைக்கும்போது வெளிவரும் இலத்திரன்களை ஒரு மின்வாய்க்குக் கொடுக்கக் கூடியவை. இலத்திரன்களை வாங்கும் மின்வாயான அனோட்டைச் சேற்றுக்குள் புதைத்து, மற்ற மின்வாயான கதோட்டை மேலே நிற்கும் நீரில் மிதக்கவிட்டு, இரண்டையும் ஒரு தடையியினூடாக இணைத்தால் அதுவே சேற்று எரிபொருட்கலம். தம்பலகாமத்தில் உறவினரின் வயற்சேறும் அதற்குப் போதும், குடாவின் உவர்ச்சேறும் போதும். உவர்நீர் மின்னை நன்றாகக் கடத்துவதால் கலத்தின் உட்தடை குறையும். ஆனால் கடல்நீரிலுள்ள சல்பேற்றைச் சில பற்றீரியாக்கள் சல்பைட்டாக மாற்ற, அந்தச் சல்பைட்டும் அனோட்டில் ஒட்சியேற்றம் அடைந்து மின்னோட்டம் தரும். ஆகவே உவர்ச்சேற்றில் வரும் மின்னோட்டம் முழுவதையும் ஜியோபாக்டரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

நான் விட்ட பிழை இதைவிட எளியது. மின்வாயைச் செப்புக் கம்பியால் கட்டி, கட்டிய இடத்தை மூடாமல் சேற்றில் புதைத்தேன். முதல் நிமிடத்திலேயே பல்மானி நல்ல அளவைக் காட்டியது, நான் மகிழ்ந்தேன். அரித்துக்கொண்டிருந்த செப்பு தந்த வோல்ற்றளவு அது. நுண்ணங்கிப் படலம் மின்வாயில் வளர நாட்களோ வாரங்களோ ஆகும். உடனே வரும் வோல்ற்றளவைச் சந்தேகியுங்கள். பற்றீரியாக்களுக்கு உணவாக அசற்றேற்றும், கதோட்டில் ஒட்சிசனும் உள்ள கலத்துக்குக் கோட்பாட்டளவில் ஏறத்தாழ 1.1 வோல்ற்றுத்தான் கிடைக்கும், நடைமுறையில் திறந்த சுற்றில் 0.8 வோல்ற்றைத் தாண்டுவதே அரிது. அதற்கு மேல் காட்டினால் எங்கோ ஓர் உலோகம் கரைகிறது என்று பொருள். காபன் துணி அல்லது காரீயக் (கிராபைற்று) கோலைப் பயன்படுத்துங்கள், இணைப்புக்குத் தைத்தேனியக் கம்பியை எடுங்கள், கட்டிய இடத்தை எப்பொக்சியால் முழுவதுமாக மூடுங்கள். பழைய டோர்ச் பற்றரிக் கோலை எடுத்தால், அதில் ஒட்டியிருக்கும் கறுப்பு மங்கனீசு ஈரொட்சைட்டைச் சுரண்டிக் கழுவாவிட்டால் அதுவும் பொய் சொல்லும். இவற்றோடு, அதே சேற்றை உயரழுத்தக் கொதிநீராவியில் கிருமியழித்து இன்னொரு கலமும் வையுங்கள். அந்த ஒப்பீட்டுக் கலம் இல்லாத தரவை எந்த ஆய்வுக் குழுவும் ஏற்காது.

அளவையும் சரியான அலகில் எழுதுங்கள். 1000 ஓம் தடையிக்குக் குறுக்கே 300 மில்லிவோல்ற்று இருந்தால் வலு 0.09 மில்லிவாற்று, அனோட்டின் பரப்பு 100 சதுர சென்ரிமீற்றர் என்றால் அது சதுர மீற்றருக்கு 9 மில்லிவாற்று. துறையிலுள்ளவர்கள் ஒப்பிடுவது இந்தக் கடைசி எண்ணைத்தான். தடையியை மாற்றி மாற்றி அளந்து, மின்னோட்டத்தோடு வோல்ற்றளவு மாறும் விதத்தைக் காட்டும் முனைவாக்க வளைகோடு ஒன்றும் வரைந்து வையுங்கள்.

கன்னியா வெந்நீரூற்றில் வெப்பம் விரும்பும் பற்றீரியாக்கள் இருக்கும் என்று எண்ணிப் போத்தலோடு போய்விடாதீர்கள்; அது தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்பிலுள்ள இடம். கண்டற்காட்டில் சேறு எடுப்பதற்கும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். சொந்த வயல், அல்லது சொந்தக்காரரின் சம்மதம் உள்ள வயல், தொடக்கத்துக்குப் போதுமானது.

3. மேற்பார்வையாளருக்கு எழுதுங்கள்

புலமைப்பரிசில் விளம்பரத்தைத் தேடி ஓடுவதற்கு முன்னர் ஆளைத் தேடுங்கள். ஆய்வுப் பட்டத்தில் நீங்கள் சேர்வது ஒரு பல்கலைக்கழகத்திலே என்பதைவிட ஒருவரின் குழுவிலே என்பதே சரி. கடந்த இரண்டு மூன்று வருடங்களில் வந்த கட்டுரைகளை வாசித்து, உங்கள் சிறு வேலையோடு தொடர்புடைய பத்துப் பன்னிரண்டு பேரைத் தெரிவு செய்யுங்கள்.

மின்னஞ்சல் 200 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. அவருடைய எந்தக் கட்டுரையை வாசித்தீர்கள், அதில் எது உங்களுக்குக் கேள்வியாக நிற்கிறது, நீங்கள் செய்த வேலை என்ன, எந்த மாதத்திலிருந்து சேர முடியும் ஆகிய நான்கும் போதும். சுயவிபரம், பெறுபேற்றுத் தாள், உங்கள் பத்துப் பக்க வேலை ஆகியவற்றை இணையுங்கள். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் அது வாசித்தவுடனேயே தெரிந்துவிடும். இரண்டு வாரம் பொறுத்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். பதில் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதுங்கள். அதை அவமதிப்பாக எடுக்கத் தேவையில்லை.

பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் கட்டுரை வெளியிடும் சஞ்சிகைகளிலிருந்து அழைப்பு வரும். அவற்றில் வந்த கட்டுரை சுயவிபரத்தில் இருப்பது, கட்டுரையே இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல். அதேபோல், ஆய்வுப் பட்டத்துக்கு முகவர் தேவையில்லை. மேற்பார்வையாளரை எந்த முகவராலும் உங்களுக்காகத் தேடித்தர முடியாது.

4. காகிதங்களை இன்றே தொடங்குங்கள்

இரண்டாவது, மூன்றாவது படிகள் நடக்கும்போதே இதுவும் நடக்க வேண்டும். கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, க.பொ.த. உயர்தரப் பெறுபேறு, பட்டச் சான்றிதழ், பெறுபேற்றுத் தாள், ஆங்கிலத்தில் படித்தீர்கள் என்ற கற்பித்தல் மொழிக் கடிதம், மூன்று சிபார்சுக் கடிதங்கள் ஆகியவை பல இடங்களில் கேட்கப்படும்.

எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி, உங்கள் பெயரையும் பெற்றோரின் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தகப்பன் பெயரை முன்னே வைக்கும் நம் வழக்கம், வெளிநாட்டுப் படிவங்களிலுள்ள குடும்பப்பெயர், இடுபெயர் என்ற இரண்டு கட்டங்களுக்குள் எளிதில் அடங்காது. கடவுச்சீட்டில் எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளதோ அப்படியே எல்லாப் படிவங்களிலும் எழுதுங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் பிறப்புச் சான்றிதழைக் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, அதிலுள்ள எழுத்துக்கூட்டலையே பின்பற்றச் சொல்லுங்கள். இதை நான் செய்திருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும். வித்தியாசம் ஏற்கெனவே இருந்தால், இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்ற சத்தியக்கடதாசி ஒன்றை முடித்து வையுங்கள். மூலச் சான்றிதழே பிழை என்றால் பிரதேச செயலகத்தில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் சான்றுறுதி பெறுவதற்கு ஒழுங்கு உண்டு. பரீட்சைச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களமும், பட்டச் சான்றிதழைப் பல்கலைக்கழகமும் முதலில் உறுதிப்படுத்த வேண்டும். அதன் பின்னர்தான் கொன்சியூலர் பிரிவு. இந்த ஒழுங்கை மாற்றிப் போனதால் நான் இரவுத் தபால் புகையிரதத்தில் கொழும்புக்கு மூன்று தரம் போய்வந்தேன். எல்லா வேலையையும் ஒரே பயணத்தில் அடக்க விரும்பினால் இரண்டு வேலைநாள்களை ஒதுக்கி, திங்களன்று அதிகாலை கோட்டையில் இறங்குங்கள். வெள்ளிக்கிழமை போனால் மிச்ச வேலை அடுத்த வாரத்துக்குப் போய்விடும்.

சிபார்சுக் கடிதம் தருபவருக்கு ஆறு வாரமாவது கொடுங்கள். கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் படித்தவர்கள் ஆசிரியரை நேரில் போய்க் காண்பது எளிது. மற்றவர்கள் மின்னஞ்சலில் உங்கள் சுயவிபரத்தையும் இறுதித் திகதிகளின் பட்டியலையும் ஒரே பக்கத்தில் அனுப்புங்கள்.

ஆங்கிலப் பரீட்சைக்கு முன்னர், கற்பித்தல் மொழிக் கடிதம் போதுமா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் கேளுங்கள். பல இடங்களில் போதும். எழுதத்தான் வேண்டுமென்றால், ஐ.ஈ.எல்.டி.எஸ்., டோஃபல் இரண்டும் 2 வருடங்களும், அமெரிக்காவில் சில இடங்களில் பட்டப்பின்படிப்புக்குக் கேட்கப்படும் ஜி.ஆர்.ஈ. பரீட்சை 5 வருடங்களும் செல்லுபடியாகும் என்பதை வைத்து நாளைத் தீர்மானியுங்கள். மிக முந்தி எழுதுவதும் வீண்செலவு.

5. பணத்தை நாடு வாரியாகக் கணக்கிடுங்கள்

உதவித்தொகை கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில், புறப்படுவதற்கு முன்னர் உங்கள் கையிலிருந்து போகும் பணத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

ஐக்கிய இராச்சியத்தில் வீசாக் கட்டணத்தைவிடப் பெரியது சுகாதார மேலதிகக் கட்டணம். மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண். முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். நான்கு வருடத்துக்கு 3104 பவுண். புலமைப்பரிசில் இதைத் தாங்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும், அது 6 மாதத்துக்கே செல்லும்.

அமெரிக்காவில் அரசுக்குக் கட்டும் மாணவர் பதிவுக் கட்டணம் (செவிஸ்) 350 டொலர், வீசா விண்ணப்பக் கட்டணம் 185 டொலர். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் தனி. கட்டண விலக்குக் கேட்டு எழுதுங்கள்; நண்பருக்கு மூன்று இடங்களில் கிடைத்தது.

ஜேர்மனியில் கலாநிதி மாணவர் பலர் சம்பளத்துக்கு நியமிக்கப்படுகிறார்கள். வேலை ஒப்பந்தம் இருந்தால், வாழ்க்கைச் செலவுக்கு ஆதாரமாக ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கிவைக்கும் வங்கிக் கணக்குப் பொதுவாகத் தேவைப்படாது. ஒப்பந்தம் கைக்கு வருமுன் அந்தக் கணக்கைத் திறக்கக் கடன் வாங்காதீர்கள்.

ஜப்பான் அரசின் புலமைப்பரிசிலுக்குக் கொழும்பிலுள்ள தூதரகத்தினூடாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் இல்லை, படிப்புக் கட்டணமும் இல்லை, மாத உதவித்தொகை உண்டு. கையில் பணம் இல்லாதவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இந்தியாவுக்குப் போக நினைக்கும் பொறியியல், கணித மாணவர்கள் கேட் (GATE) என்ற பட்டப்பின்படிப்பு நுழைவுப் பரீட்சையைப் பற்றி விசாரியுங்கள். அதன் புள்ளி 3 வருடங்கள் செல்லும்.

6. பாதுகாப்பு அனுமதி என்ற மறைந்த படி

தம்பிக்கு அனுமதிக் கடிதம் வந்த பிறகு இதைப் பற்றித் தெரியவந்தது. ஐக்கிய இராச்சியத்தில் சில துறைகளில் ஆய்வு செய்ய, இலங்கையர் அற்றாஸ் (ATAS) என்ற பாதுகாப்பு அனுமதிச் சான்றை வீசாவுக்கு முன்னரே பெற வேண்டும். வான்வெளிப் பொறியியல் அதற்குள் வரும் என்று எவரும் ஊகிக்கலாம். கணிதத்தின் ஆய்வுப் பட்டங்களும் நுண்ணுயிரியலும்கூட வரும் என்பதைப் பலர் அறியார். கட்டணம் இல்லை. ஆனால் குறைந்தது 30 வேலைநாள்கள் எடுக்கும், கோடை மாதங்களில் அதற்கு மேலும் ஆகும். பல்கலைக்கழகம் தரும் ஆய்வு விளக்கத்தைச் சொல் மாறாமல் படிவத்தில் இடுங்கள். பின்னர் ஆய்வுத் தலைப்பு மாறினால் புதிய சான்று பெற வேண்டும்.

அமெரிக்காவில் வான்வெளித் துறையின் சில ஆய்வு உதவியாளர் பதவிகள், ஆயுதத் தொழில்நுட்ப ஏற்றுமதிச் சட்டங்களால் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும் மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருக்கும். விளம்பரத்தின் கடைசி வரியில் அது இருக்கும். முதலில் அந்த வரியை வாசியுங்கள். தம்பி மூன்று வாரம் செலவழித்த விண்ணப்பம் ஒன்று அந்த வரியாலேயே திரும்பி வந்தது.

7. பின்னோக்கி எண்ணும் நாட்காட்டி

செப்டெம்பரில் சேர விரும்பினால் அதற்கு முந்திய வருடத்தின் மார்ச்சில் தொடங்குங்கள். மார்ச் முதல் ஜூலை வரை சிறு வேலையும் பெயர்த் திருத்தமும். ஓகஸ்ட், செப்டெம்பரில் மேற்பார்வையாளருக்குக் கடிதங்கள். ஒக்டோபரில் ஆங்கிலப் பரீட்சை. அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசெம்பரில் முடியும். ஜனவரி முதல் மார்ச் வரை நேர்காணல்கள். ஏப்ரலில் அனுமதி உறுதியானதும் அற்றாஸ் தேவைப்படுவோர் அன்றே விண்ணப்பிக்க வேண்டும். ஜூன் வரை பொறுத்தால் செப்டெம்பர் கைவிட்டுப் போகும்.

8. புறப்படும் வாரத்தில்

வயற்சேற்றைப் போத்தலில் அடைத்துப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். மண்ணை அனுமதியின்றிக் கொண்டுசெல்வதைப் பல நாடுகள் தடைசெய்திருக்கின்றன, உயிரியல் மாதிரிகளை இங்கிருந்து வெளியே எடுப்பதற்கும் அனுமதி வேண்டும். புகைப்படங்களும் தரவுக் கோப்புகளும் போதும். மூலச் சான்றிதழ்களைக் கைப்பையில் வையுங்கள், அவற்றின் ஒளிவருடிய பிரதிகளை வீட்டிலும் விட்டுச் செல்லுங்கள். கடைசியாக, உங்கள் சார்பில் பல்கலைக்கழகத்திலும் பரீட்சைத் திணைக்களத்திலும் ஆவணங்களைப் பெறுவதற்கு வீட்டிலுள்ள ஒருவருக்கு, அவருடைய அடையாள அட்டை இலக்கத்தோடு, கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுங்கள். இரண்டாம் வருடத்தில் இன்னொரு பெறுபேற்றுத் தாள் கேட்பார்கள். எனக்காக அம்மா அந்தக் கடிதத்தோடுதான் போய் வாங்கி அனுப்பினார்.